பாப்பா செங்கத்தில் வளர்ந்த மாதங்கள்

“அம்மா ஊருக்குப் போயிருக்குது.” இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நம் காலத்துப் பெரியவர்கள் எத்தனை வீடுகளைச் சமாளித்தார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? என் வயதுக்காரர்களுக்கு இது உடனே புரியும். பிரசவத்துக்குப் போனாலும் அம்மா ஊருக்குத்தான் போயிருப்பாள். கோபித்துக்கொண்டு போனாலும் ஊருக்குத்தான். ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் ஊருக்குத்தான். எந்த ஊர், எப்போது வரும் என்று கேட்டால் கையில் ஒரு பொரி உருண்டை வைப்பார்கள். அதைத் தின்று முடிப்பதற்குள் கேள்வியை மறந்துவிட வேண்டும். இப்போது என் பேரன் கேட்கிற கேள்விகளுக்கு அவன் அம்மா உட்கார்ந்து பதில் சொல்வதைப் பார்க்கிறபோது, நாம் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்று எனக்கே வியப்பாக இருக்கிறது.

என் அம்மா அப்படி ஊருக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஆறு. பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

திருவண்ணாமலையை விட்டு செங்கம் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் கொல்லை; எங்கள் பக்கம் நிலத்தை அப்படித்தான் சொல்வோம். கொல்லைக்குள்ளேயே வீடு. ஓட்டு வீடு, முன்னால் களம், பின்னால் கிணறு. இன்றைக்கு அந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற அறைகள் இருக்கின்றன. கீழே ஒரு காப்பிக் கடை. அதில் தலைமுடியை உச்சியில் முடிந்துகொண்ட ஆண்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். கட்டியவன் என் தம்பிதான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் கிணற்றில் தண்ணீர் இழுத்து என் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. குழாய் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த ஆடியில் அம்மா இருமிக்கொண்டே இருந்தாள். அடுப்படியில் இருமல், கிணற்றடியில் இருமல். புகையினால் என்றாள். கடலைச் செடி பிடுங்குகிற புழுதியினால் என்றாள். ஒருநாள் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்து, பார்த்து, சட்டென்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலையில் அப்பா தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அம்மா வாசலில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள். தூளியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே வரவில்லை. பாப்பாவைத் தூக்கவில்லை, என் தலையைத் தொடவில்லை, தம்பியைக் கட்டிக்கொள்ளவில்லை. தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். எங்கள் மேல் ஏதோ கோபம் என்றுதான் நான் நினைத்தேன். வேலூருக்கு அந்தாண்ட இருந்த டிபி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், தொட்டால் எங்களுக்கும் வந்துவிடுமோ என்று பயந்து நிற்கிறாள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஆவணி முழுக்க நான் என்ன தப்பு செய்தேன் என்று தேடிக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

அப்பா சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தார்.

“அம்மா எங்கப்பா?”

“ஊருக்குப் போயிருக்குது.”

அவர் சட்டைப்பையிலிருந்து பொரி உருண்டை வெளியே வந்தது.

அதன்பிறகு அப்பா எங்களை வளர்த்த விதத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது. அதுவரை அடுப்பை எட்டிப் பார்க்காத மனிதர். கேழ்வரகுக் களியைக் கிண்டினால் உள்ளே பச்சை மாவு கட்டி கட்டியாக இருக்கும். தம்பி ஒவ்வொரு கட்டியாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பான். “அம்மா போட்டா உப்பு கம்மி, நீ போட்டா ஜாஸ்தி,” என்பான். அப்பா மோரை ஊற்றுவார்.

என் தலைமுடிதான் அவருக்குப் பெரிய சோதனை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுத்தான் வர வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த பின்னல், மாட்டுக்குக் கயிறு முறுக்குகிற பின்னல் ஒன்றுதான். களத்தில் என்னை உட்கார வைத்து, முழங்கால்களுக்கு நடுவே என் தோளை இறுக்கிக்கொண்டு, விளக்கெண்ணெயைத் தேய்த்து, மூன்று புரியாகப் பிரித்து முறுக்கி முறுக்கிப் பின்னுவார். கடைசியில் ரிப்பனை வைத்து, எந்த எருமையும் அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சு. ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள். “இன்னாப்பா, பொம்பள வேலையெல்லாம் கத்துக்கினியா?” என்று சிரிப்பார்கள். அப்பா பல்லில் ரிப்பனைக் கடித்தபடியே தலையாட்டுவார்.

எங்கள் டீச்சர் ஒருநாள் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தார். “இதை யாரும்மா போட்டது?”

“எங்கப்பா டீச்சர்.”

“ராத்திரி எப்படி அவிழ்ப்பீங்க?”

“அவிழ்க்க மாட்டோம் டீச்சர். ஞாயித்துக்கெழமதான்.”

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. மறுநாளிலிருந்து மத்தியானச் சோறு தின்று முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, சீப்பு எடுத்துத் தலையை வாரி விட ஆரம்பித்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

களியும் பின்னலும் எப்படியோ நடந்தன. பாப்பாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. நாங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு அப்பா அவளைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய், புளியமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்வார். ஒருநாள் நாங்கள் திரும்பி வந்தபோது பாப்பா வாய் நிறைய மண். அழுது அழுது குரலே வரவில்லை. அப்பா அவளை மடியில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி போளூரில் இருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை. இன்னொருத்தி செங்கத்தில் இருந்த பெரியத்தை, அப்பாவின் அக்கா. பெரியத்தையின் வீட்டுக்காரருக்குச் செங்கம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

சின்னம்மா எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். “பெரியவள ஆஸ்டல்ல சேத்துடுங்க மாமா. பையனை நான் கூட்டினு போறேன். பாப்பாவ அண்ணி வச்சிக்கட்டும். நீங்க ஒண்டி ஆளு, எதோ பொங்கித் துண்ணுக்கலாம்.”

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் விரல்கள் என் உள்ளங்கையில் அழுந்தியது இன்னும் நினைவிருக்கிறது. நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தோம்.

“ஆளுக்கு ஒரு மூலையா போட்டா அது திரும்பி வந்து எங்க தேடும்?” என்றார் அப்பா. “பெருசு ரெண்டும் என்கிட்ட இருக்கட்டும். சின்னத மட்டும் எடுத்துக்கினு போக்கா. அத என்னால பாத்துக்க முடியல.”

பெரியத்தை எப்போதுமே கம்மியாகப் பேசுகிறவள். முகமும் கொஞ்சம் கடுகடு என்றிருக்கும். எழுந்து, தூளியிலிருந்து பாப்பாவை எடுத்து, தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு மாற்றுத்துணி, பால் கிண்ணம், பாப்பா எப்போதும் கடித்துக்கொண்டிருக்கிற மரக் கிலுகிலுப்பை, எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் சாலைக்குப் போய்ச் சேருவதற்குள் சின்னம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

“புள்ள இல்லாதவங்க மாமா. கைல பழகிடுச்சுன்னா திரும்ப வாங்குறது கஷ்டம். பாத்துக்குங்க.”

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. எனக்கோ அது அப்படியே மனதில் தங்கிவிட்டது. சின்னம்மா கெட்டவள் இல்லை. அக்காவை நினைத்து அவளுக்குப் பதற்றம். ஆனால் அந்த வார்த்தையை அதன்பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் உள்ளுக்குள் வைத்திருந்தோம். உத்திரத்தில் காலித் தூளி தொங்கிக்கொண்டே இருந்தது. அப்பா அதை அவிழ்க்கவில்லை. தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் ஏறிச் சுருண்டுகொள்வான். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

புரட்டாசியில் அப்பா எங்களைச் செங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தையல் கடைக்குப் பின்னால் ஒரே அறைதான் வீடு. பாப்பா தரையில் உட்கார்ந்து துணி வெட்டுத்துண்டுகளை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. காலில் கொலுசு. தையல் கடை மாமா மிஞ்சிய துணியில் தைத்த, பல நிறத்தில் ஒட்டுப்போட்ட கவுன். எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து, தத்தித் தத்தி ஓடி, பெரியத்தையின் காலைக் கட்டிக்கொண்டு, “ம்மா,” என்றாள்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

“அம்மா இல்லடி. அத்த. அத்தைனு சொல்லு,” என்றாள் பெரியத்தை. 

“ம்மா,” என்றாள் பாப்பா மறுபடியும்.

“எத்தினி வாட்டி சொன்னாலும் இதே கூப்பாடுதான்,” என்று பெரியத்தை அப்பாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சட்டென்று அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்ததை மறைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் எனக்கென்று எடுத்துக் கொடுத்த சிவப்பு ரிப்பனை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

தம்பி வேறு விதமாக யோசித்துக்கொண்டிருந்தான். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள். பாப்பாவும் ஊருக்குப் போனாள். பஸ் ஏறிப் போனால் பார்க்க முடிந்தது. அப்படியென்றால் அம்மாவையும் பார்க்கலாம். ஆறு வயதுக்கு அது சரியான கணக்குத்தானே?

ஐப்பசியில் ஒரு மத்தியானம், மழை பெய்து விட்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் வெளியே வந்தபோது தம்பியைக் காணவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் இல்லை. அப்பா கொல்லையிலிருந்து சேற்றுக் காலோடு வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். முதலில் ஏன் கிணற்றைப் பார்த்தார் என்று இப்போது யோசிக்கிறபோது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பிறகு சாலைக்கு ஓடினோம். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருந்த பாய் எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

“தம்பியையா தேடுறீங்க? செங்கம் பஸ்ஸுல ஏறுச்சே! யாரோ பொம்பளைங்க கூட ஏறுனதால நீங்க யாரோ கூட அனுப்புறீங்கன்னு நெனச்சேன்.”

அப்பா அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. பாய் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். “நீங்க போங்க, பொண்ண நான் பாத்துக்கறேன்,” என்றார். அப்பா மிதித்துக்கொண்டு போய்விட்டார். நான் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாய் எனக்கு டீயும் ஒரு பொறை ரொட்டியும் கொடுத்தார். நான் அழவில்லை. அழுதால் தம்பி கிடைக்கமாட்டான் என்று எனக்கு ஏதோ ஒரு எண்ணம். செங்கத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பாய் கையைக் காட்டி நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

நன்றாக இருட்டிய பிறகு ஒரு பஸ் நின்றது. முதலில் பெரியத்தை இறங்கினாள். இடுப்பில் பாப்பா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி. சைக்கிளை மேலே ஏற்றிவிட்டு அப்பாவும் அதே பஸ்ஸில்தான் வந்திருந்தார். கண்டக்டர் இவனை எங்கேடா போகணும் என்று கேட்டிருக்கிறார். அம்மாகிட்ட. அம்மா எங்கே? ஊருல. இதற்கு மேல் தம்பிக்கும் தெரியவில்லை. செங்கத்தில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்றதும், தையக்கடை மாமா என்று சொல்லியிருக்கிறான். கண்டக்டரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் விட்டிருக்கிறார். அந்தக் கண்டக்டர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எங்கிருந்தாலும், இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவருக்கு ஒரு கும்பிடு.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியத்தை அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“பெத்தவ எங்க இருக்கான்னு தெரியாம ஒரு புள்ள பஸ் ஏறித் தேடிக்கினு வருது. நீ இன்னாடா அப்பன்?”

“சொன்னா பயந்துக்கும்னுதான்க்கா...”

“இப்ப பயப்படலயா? ரெண்டும் கண்ணு குழி விழுந்து கெடக்குது. பொய் சொன்னா புள்ளைங்க நம்பிக்கும்னு நெனச்சியா? நம்பல. அதுங்களா ஒண்ணு நெனச்சிக்குது.”

அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பெரியத்தை எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்தாள். பாப்பா அவள் மடியில்.

“இத கேளுங்க. உங்கம்மா ஊருக்குப் போகல. ஆஸ்பத்திரில இருக்கா. நெஞ்சுல நோவு. தெனம் ஊசி போடறாங்க. கொஞ்சம் ஜாஸ்தி நாளு ஆவும். மேல பட்டா உங்களுக்கும் ஒட்டிக்கும்னுதான் உங்களத் தொடாம போனா. வேற ஒண்ணும் இல்ல.”

நான் கேட்டேன். அதுவரை யாரிடமும் கேட்கத் துணியாததைக் கேட்டேன். “செத்துடுமா அத்த?”

வேறு யாராக இருந்தாலும் ‘சீ, வாயக் கழுவு’ என்று வாயிலே போட்டிருப்பார்கள். பெரியத்தை என்னை நேராகப் பார்த்தாள்.

“அந்த நோவுல போனவங்க இருக்காங்க. ஆனா உங்கம்மாவுக்குக் கொறஞ்சினு வருதுன்னு டாக்டரு சொல்லிக்கிறாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். வேணும்னா வர ஞாயித்துக்கெழமை எல்லாரும் போய்ப் பாத்துட்டு வரலாம்.”

நம்புவீர்களோ மாட்டீர்களோ, நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். செத்துப்போகலாம் என்று கேட்டபிறகும். அம்மா எங்கே படுத்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது; என் மேல் கோபம் இல்லை என்றும் தெரிந்துவிட்டது. ஒரு பிள்ளைக்கு அது போதும்போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனோம். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். பெரிய வேப்பமரத்தடியில் எங்களைப் போலவே நிறையக் குடும்பங்கள் நின்றன. எதிரே மாடி வராந்தா. அதில் கம்பிக்குப் பின்னால் நோயாளிகள். கீழே இருப்பவர்கள் மேலே பார்த்துக் கத்துவதும், மேலே இருப்பவர்கள் கீழே பார்த்துக் கத்துவதுமாக ஒரே சந்தை இரைச்சல். மாடு விற்றது, மருமகள் மாசமாக இருப்பது, கூரை ஒழுகுவது, எல்லாக் குடும்ப விஷயமும் அந்த வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இளைத்துப்போகவில்லை, கொஞ்சம் சதை வைத்துக்கூட இருந்தாள். தம்பி, “ம்மா! நான் ஒண்டியா பஸ்ஸுல போனேன்!” என்று கத்தினான். அப்பா அவன் வாயைப் பொத்தினார். அம்மா சிரித்தாள். என்னைப் பார்த்து, “இன்னாடி ஜடை இது!” என்று கத்தினாள். வராந்தாவில் இருந்த எல்லோரும் என் ஜடையைப் பார்த்தார்கள்.

பெரியத்தை பாப்பாவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பாப்பா மரத்தில் இருந்த காக்காயைப் பார்த்துக் கையை ஆட்டினாள். மாடியைப் பார்க்கவே இல்லை. அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், கை தட்டினாள். பாப்பா பெரியத்தையின் முகத்தைக் குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

அம்மாவின் தலைப்பு வாய்க்குப் போனது.

“இட்டிலி துண்ணுது!” என்று பெரியத்தை அவசரமாகக் கத்தினாள். “நல்லா துண்ணுது! நாலு பல்லு மொளச்சிருக்குது!”

“தலைக்கு எண்ணெ வையுங்க அண்ணி!”

“வச்சிக்கினுதான் இருக்கேன்! நீ மனச வுடாத, பாலக் குடி! மூஞ்சி தெளிஞ்சிருக்குது!”

மணி அடித்து எங்களை அனுப்புகிறவரை அவள் பாப்பாவை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கும் கொடுக்கவில்லை. பஸ்ஸில் அவள் தன் தோளைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

கார்த்திகை போனது. பொங்கலும் போனது. தை கடைசியில் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி யாருக்கும் ஒட்டாது, மாத்திரை மட்டும் விடாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அப்பா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். சின்னம்மாவும் வந்திருந்தாள். அம்மா உள்ளே வந்ததும் என் தலையைத்தான் முதலில் பிடித்தாள். முழுக்க அவிழ்த்து, சிக்கெடுத்து, மறுபடி பின்னினாள். எனக்கு வலிக்கவே இல்லை. தம்பி அவள் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தான். பின்னிக்கொண்டிருக்கும்போதே அம்மா அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணி குடுப்பாங்களா?”

அப்பா, “ஏன் குடுக்காம?” என்றார். ஆனால் அவர் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

மறுநாள் காலையிலேயே பெரியத்தை வந்துவிட்டாள். பாப்பாவின் துணி, கொலுசு, கிலுகிலுப்பை, மாமா தைத்த கவுன்கள் எல்லாவற்றையும் கொண்டு வந்திருந்தாள். அம்மா ஓடிப்போய்ப் பாப்பாவை வாங்கினாள். பாப்பா வீல் என்று அலறினாள். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, முகம் சிவந்து, பெரியத்தையின் சேலையைப் பிடித்த பிடியை விடவில்லை. அம்மா இன்னும் இறுக்கி அணைத்தாள். பாப்பா அவள் தோளைக் கடித்துவிட்டாள். அம்மா அவளைக் கீழே விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

“நல்லாத்தான் பழக்கி வச்சிருக்காங்க,” என்றாள் சின்னம்மா, யாரிடமும் சொல்லாததுபோல.

பெரியத்தைக்கு அது கேட்டது. கிணற்றடிக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் நின்று, “அவசரப்படாதம்மா. நான் கொஞ்ச நாளு இங்க இருக்கேன்,” என்றாள்.

அந்தக் கொஞ்ச நாளில் பெரியத்தை செய்ததை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். அன்று அது எனக்கு விளங்கவில்லை. நானே பிள்ளை பெற்ற பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. குளிப்பாட்டும்போது அவள் தண்ணீர் மட்டும் ஊற்றுவாள், தேய்ப்பது அம்மா. சோற்றைப் பிசைந்து கிண்ணத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். பாப்பா அத்தையைப் பார்த்துக்கொண்டே அம்மா கையால் வாங்கித் தின்னும். மறுநாள் இன்னும் கொஞ்சம் பின்னால் உட்காருவாள். தான் கட்டியிருந்த நீலச் சேலையைத் துவைத்துக்கூடப் போடாமல் அம்மாவைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். “வாசன தெரிஞ்சா வந்து ஒட்டிக்கும்,” என்றாள். பாப்பா அழுதுகொண்டு கையை நீட்டினால், கேட்காததுபோல மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். மாட்டுக்கொட்டகையில் தவிட்டைக் கலக்குகிற சத்தம் வெகுநேரம் கேட்கும்.

ஒருநாள் பெரியத்தை களத்தில் உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி அம்மா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். கோழியைத் துரத்திக்கொண்டு ஓடிய பாப்பா தடுக்கி விழுந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம். எழுந்து நின்று, உதட்டைப் பிதுக்கி, இரண்டு பேரையும் பார்த்தாள். பெரியத்தையின் கைகள் தானாக விரிந்தன. மடியிலிருந்த கடலை சிதறியது.

பாப்பா அவளைத் தாண்டி ஓடிப்போய் அம்மாவின் மடியில் விழுந்தாள்.

பெரியத்தை விரித்த கைகளை மெல்ல மடக்கிக்கொண்டாள். சிதறிய கடலையைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பறேன்,” என்றாள்.

“இன்னும் ரெண்டு நாளு இருங்க அண்ணி,” என்றாள் அம்மா. நீலச் சேலையின் தலைப்பு பாப்பாவின் வாயில் இருந்தது.

“உங்கண்ணன் சோத்துக்கு இன்னா பண்றாரோ, யாரு கண்டது. சேல இங்கயே இருக்கட்டும்.”

இதையெல்லாம் இப்போது எழுதுவது என் தங்கைக்காக, அந்தப் பாப்பாவுக்காக. அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவிருக்க வழியும் இல்லை. வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோனபோது, மாமா இறந்து தனியாக இருந்த பெரியத்தையை அவள்தான் அழைத்துக்கொண்டு வந்து கடைசிவரை வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், “எனக்கு என்னவோ அத்தைய புடிக்கும்க்கா,” என்பாள். அம்மா எண்பது தாண்டி வாழ்ந்தாள். சின்னம்மாகூட ஒருமுறை பெரியத்தையின் காலடியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நன்றி என்கிற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை. நான் இப்போது சொல்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் பாப்பா அம்மா மடியில் சோறு தின்றுகொண்டிருக்கும்போதே பெரியத்தை பின்பக்கமாகக் கிளம்பினாள். போயிட்டு வரேன் என்று பாப்பாவிடம் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். பையில் ஒன்றும் இல்லாததால் அது காற்றில் பறந்துகொண்டே வந்தது. பஸ் வருகிறவரை அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா எடது பக்கம் சாச்சி படுக்க வச்சாதான் தூங்கும்,” என்றாள் திடீரென்று. “உங்கம்மாகிட்ட சொல்ல மறந்துட்டேன். நீ சொல்லிடு.”

“சொல்றேன் அத்த.”

“மொதல்ல முதுகத் தட்டணும். அப்புறம் தட்டக்கூடாது, சும்மா கை வச்சிருந்தா போதும்.”

“சரி அத்த.”

பஸ் வந்தது. அங்கிருந்து கிளம்பினால் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். வீடு சாலைக்கு இடப்பக்கம். களத்தில் இருப்பவர்கள் பஸ் சன்னலுக்கு நன்றாகத் தெரிவார்கள். அந்தப் பக்கம் எல்லா இருக்கையும் காலியாக இருந்தது. பெரியத்தை ஏறி, அவற்றை விட்டுவிட்டு, வலப்பக்கச் சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மலை. சாமியைப் பார்த்துக்கொண்டு போகத்தான் அங்கே உட்கார்ந்தாள் என்று நினைத்துக்கொண்டு, நானும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பாப்பாவை எப்படித் தூங்க வைக்க வேண்டும் என்று சொல்வதற்காக வீட்டுக்கு ஓடினேன்.